நாம் நின்றது யாருடைய நிழலில்?



பள்ளி விடுமுறை நெருங்கும்போதெல்லாம் தஞ்சோங் மாலிமில் என்னைத் தெரிந்த பெற்றோர் சிலர் ஒரே கேள்வியோடு வருவார்கள். "டீச்சர், பிள்ளைகளைத் தமிழ்நாட்டுக்கு அழைத்துப் போகிறோம். தஞ்சாவூரில் நல்ல வழிகாட்டி கிடைப்பாரா?" முன்பெல்லாம் சட்டென்று விடை சொல்லிவிடுவேன். 2019 திசம்பருக்குப் பிறகு அப்படிச் சொல்ல என் நா எழவில்லை. அதற்கான காரணத்தை இன்று எழுதிவிடுகிறேன். இதில் என் பிழையும் உண்டு.

அந்தத் திசம்பரில் நானும் என் தங்கை குடும்பத்தாரும் தஞ்சைக்குச் சென்றோம். தங்கையின் மகனுக்கு அப்போது வயது பத்து. பெரிய கோவில் வாயிலில் ஒருவர் எங்களை அணுகினார். ஐந்நூறு ரூபாய் என்று பேசி முடித்து உள்ளே அழைத்துச் சென்றார். நல்ல குரல், நகைச்சுவையான பேச்சு. நந்தி வளர்ந்துகொண்டே போனதாம், தலையில் ஆணி அடித்த பிறகுதான் நின்றதாம். உச்சியில் இருப்பது எண்பது டன் எடையுள்ள ஒரே கல்லாம். விமானத்தில் தொப்பி அணிந்த வெள்ளையர் உருவம் ஒன்று இருக்கிறது. ஆங்கிலேயர் வருவார்கள் என்று இராசராசன் அன்றே அறிந்து செதுக்கி வைத்தானாம்!

காலை மணி பத்தரை இருக்கும். செருப்பில்லாத கால்களுக்குக் கல்தளம் சுடத் தொடங்கிவிட்டது. "வெயிலில் நிற்காதீர்கள், இப்படி வாருங்கள்" என்று எங்களை வடமேற்குப் பக்கமாக அழைத்தார். அங்கே தரை குளிர்ச்சியாக இருந்தது. எல்லாரும் நின்றோம். அண்ணாந்து பார்க்கச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இந்தக் கோபுரத்தின் நிழல் தரையில் விழவே விழாது. இதுதான் தமிழனின் அறிவு" என்றார்.

எங்கள் பையன் கீழே பார்த்தான், மேலே பார்த்தான். என் கையை இழுத்து, "பெரியம்மா, அப்போ நாம நிக்கிறது யாரோட நிழல்ல?" என்று கேட்டான்.

வழிகாட்டி சிரித்து மழுப்பிவிட்டார். எனக்கோ சிரிப்பு வரவில்லை. ஏனென்றால், அந்த நிழல் கதையை வகுப்பில் ஆண்டுதோறும் சொல்லி வந்தவள் நான். 'தமிழர் கட்டடக்கலை' என்று கட்டுரை எழுதச் சொல்வேன். நிழல் விழாத கோபுரம் என்று எழுதிய பிள்ளைக்குச் சிவப்பு மையில் 'சிறப்பு' என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதற்கு முன் தஞ்சைக்கு ஒருமுறை சென்றும் இருக்கிறேன். அப்போதும் அந்த நிழலில்தான் நின்றிருப்பேன் போலும்!

உண்மையில் நடப்பது எளியது. தஞ்சை நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஊர். ஆண்டில் சில மாதங்கள் நண்பகலில் கதிரவன் ஏறத்தாழ உச்சந்தலைக்கு மேல் நிற்கும். விமானமோ அடியில் அகன்று மேலே குறுகிச் செல்வது. அந்நாள்களில் நண்பகல் நிழல் அதன் அடித்தளத்துக்குள்ளேயே அடங்கிவிடும். காலையிலும் மாலையிலும் நன்றாகவே விழும். திசம்பரில் நண்பகலிலும் வடக்கே விழும். 66 மீட்டர் உயரக் கட்டடத்துக்கு நிழல் இல்லாமல் போகுமா? மற்றக் கதைகளும் இப்படித்தான். நந்தி சோழர் காலத்ததே அன்று, நாயக்கர் காலத்தது. உச்சியில் இருப்பது ஒரே கல் அன்று, பல துண்டுகளின் இணைப்பு. தொப்பிக்காரர் பிற்காலத் திருப்பணியில் வந்து சேர்ந்தவர்.

வழிகாட்டியை மட்டும் குறை சொல்வது நேர்மையன்று. வியப்பைக் கேட்டுக் காசு கொடுக்கிறோம். அவர் வியப்பைத் தருகிறார். அதிலும் அயலகத் தமிழர் என்றால் பெருமையை இன்னும் ஒரு படி கூட்டிச் சொல்ல வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. "மலேசியாவா? உங்கள் நாடே எங்கள் இராசேந்திரன் பிடித்த நாடுதானே!" என்றபோது எங்களோடு நின்ற வேறொரு குடும்பத்தார் கைதட்டினர். எனக்கு அடிவயிற்றில் என்னவோ செய்தது. இதை இந்தப் பையன் பள்ளியில் தன் மலாய் நண்பனிடம் சொன்னால் என்ன ஆகும்? மேலும், என் தாத்தா படையோடு வந்தவர் அல்லர். நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கி, பேராக் தோட்டத்தில் பால்மரம் சீவியவர்.

மறுநாள், நாங்கள் தங்கியிருந்த விடுதியின் அம்மையார் வேறொருவரை அனுப்பினார். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். வந்தவுடன், "எவ்வளவு நேரம் இருக்கிறது?" என்று கேட்டார். அரண்மனை, சரசுவதி மகால் எல்லாம் பார்க்க வேண்டும் என்றோம். "அவை நாளைக்கும் அங்கேயே இருக்கும்" என்றார். அன்று பெரிய கோவிலை மட்டுமே பார்த்தோம்.

உயர்ந்து நிற்பது கோபுரம் அன்று, விமானம் என்று முதலில் எங்களைத் திருத்தினார். நாம் நுழையும் வாயில்களின் மேல் இருப்பவையே கோபுரங்கள். கேரளாந்தகன் திருவாயில், இராசராசன் திருவாயில் என்று அவற்றுக்குப் பெயருண்டு. பிறகு கல்வெட்டுச் சுவருக்கு அழைத்துப் போய், "தம்பி, உனக்குத் தெரிந்த எழுத்து ஏதாவது இருக்கிறதா, தேடு" என்றார். புள்ளியில்லாத, நெருக்கமான எழுத்துகள். பையன் முதலில் விழித்தான். பிறகு ஒரு 'ட', ஒரு 'ப', ஒரு 'ம' என்று கண்டுபிடித்துக் கத்தினான். மலேசியத் தமிழ்ப்பள்ளியில் படித்த எழுத்து ஆயிரம் ஆண்டுச் சுவரில் இருக்கிறது! முந்தைய நாள் கேட்ட எந்தக் கதைக்கும் அவன் அப்படி முகம் மலரவில்லை.

அவர் சொன்னவற்றில் மாயம் எதுவும் இல்லை. கணக்குதான் இருந்தது. தான் கொடுத்ததையும், தன் அக்கை குந்தவை கொடுத்ததையும், மற்றவர் கொடுத்ததையும் கல்லில் வெட்டச் சொன்ன மன்னன். ஒரு விளக்கு எந்நாளும் எரிய 96 ஆடுகள். அவற்றைப் பெற்றவர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடல் மகளிர் 400 பேர், அவர்கள் ஒவ்வொருவரின் பெயரும், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு என்பதும், ஆண்டுக்கு 100 கலம் நெல் என்பதும். தையற்காரர், நாவிதர், வண்ணார், தச்சர் எல்லாரும் அந்தப் பட்டியலில் உண்டு. கட்டிய பெருந்தச்சன் பெயர் குஞ்சரமல்லன். 1010இல் முடிந்த ஒரு பணிக்கு இப்படிப்பட்ட கணக்கு எழுதி வைத்தவர்களுக்கு நிழலை மறைக்கும் வித்தையும் வேண்டுமா?

கடாரம் பற்றி நானே கேட்டேன். இராசேந்திரனின் 1025ஆம் ஆண்டுக் கடற்படையெடுப்பில் வென்ற இடங்களின் பட்டியல் இக்கோவில் கல்வெட்டிலேயே இருக்கிறது: சீவிசயம், பண்ணை, மலையூர், இலங்காசோகம், கடாரம். அதைச் சொல்லிவிட்டு அவர் நிறுத்தவில்லை. அதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன், கடாரத்து அரசமரபினர் நாகப்பட்டினத்தில் எழுப்பிய சூளாமணி விகாரத்துக்கு இதே இராசராசன் ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயைக் கொடுத்ததையும் சொன்னார். சைவ மன்னன், கடல் கடந்து வந்த புத்த விகாரத்துக்குக் கொடுத்த கொடை. "போரைச் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்லுங்கள் அம்மா" என்றார். இதைத்தான் பையன் தன் நண்பனிடம் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. என் தாத்தா கப்பலேறியதும் அதே நாகப்பட்டினம்தானே!

ஆகவே, இப்போது கேட்கும் பெற்றோரிடம் நான் இவ்வாறு சொல்கிறேன். நான்கு நாளில் பதினாறு கோவில் என்னும் திட்டத்தைக் கிழித்துப் போடுங்கள். உள்ளூர்க்காரரை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் உங்கள் பிள்ளை குறுக்கே கேள்வி கேட்டால் முகம் சுளிக்காதவராகப் பாருங்கள். பிள்ளை கேட்கும்போது நீங்களும் அதன் வாயை அடைக்காதீர்கள். அன்று என் தங்கை அவனை, "சும்மா இருடா" என்று அதட்டினாள். அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

தஞ்சைக்குப் பறக்கும் முன், கடாரத்தைப் பார்த்துவிட்டீர்களா என்றும் கேட்கிறேன். மெர்போக்கில் இருக்கும் பூஜாங் பள்ளத்தாக்கு அரும்பொருளகம் நம் ஊரிலிருந்து ஏறக்குறைய நான்கு மணி நேரப் பயணம். பெரும்பாலோர் போனதில்லை. 2013இல் அங்கே பழைய சண்டி ஒன்றை இடித்துத் தள்ளியபோது சில நாள் சினந்தோம். அதோடு மறந்தும் போனோம்.

சரி, அந்தத் தஞ்சை ஆசிரியர் நாளை தஞ்சோங் மாலிமுக்கு வந்தால் அவருக்கு யார் வழிகாட்டுவது? பாவ் வாங்கிக் கொடுப்போம், அதில் ஐயமில்லை. 1922இல் தொடங்கிய சுல்தான் இட்ரிஸ் கல்லூரியின் பழைய கட்டடத்தைக் காட்டலாம். அங்கேதான் இன்று நம் தமிழாசிரியர் பலரும் பயிலும் பல்கலைக்கழகம் வளர்ந்திருக்கிறது. 1952இல் டெம்ப்ளர் இந்த ஊருக்கு நாளொன்றுக்கு 22 மணி நேர ஊரடங்கு விதித்து, அரிசியையும் குறைத்ததைச் சொல்லலாம். செம்பனையும் வீடமைப்பும் வந்துவிட்ட இடத்தில் முன்பு எந்த வரிசையில் லயம் இருந்தது என்று காட்ட, அங்கே வாழ்ந்த பாட்டிமார் சிலர் இன்னும் இருக்கிறார்கள். அவர்களைக் கல்வெட்டாக மதித்துக் கேட்டவர் நம்முள் எத்தனை பேர்?

தஞ்சையிலிருந்து திரும்பிப் பள்ளி திறந்த முதல் வாரம், ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளைத் திடலுக்கு அழைத்துச் சென்றேன். கொடிக்கம்பத்தின் நிழலை மூன்று வேளை அளந்தோம். பிறகு வகுப்பில், சென்ற ஆண்டு நான் சொன்ன தஞ்சைக் கதை தவறு என்று சொன்னேன். சிறிது நேரம் அமைதி. ஒரு மாணவி கையை உயர்த்தினாள். "டீச்சர், அப்போ எங்களுக்கு முன்னால படிச்சவங்களுக்கு யாரு சொல்லுவா?"

அவர்களில் சிலர் இன்று பல்கலைக்கழகத்தில் இருக்கிறார்கள். சிலர் தாய் தந்தையராகி, தம் பிள்ளைகளையும் நம் பள்ளிக்கே அனுப்பியிருக்கிறார்கள். இதைப் படிக்க நேர்ந்தால், அந்தக் கட்டுரையில் நான் போட்ட 'சிறப்பு' என்பதை அடித்துவிடுங்கள்.