பண்டிகைமேல் பழி

பண்டிகை வந்துவிட்டால் பட்டாசுக் கடைக்கு முன்னால் உபதேசக் கடை திறந்துவிடுகிறது. லட்டைப் பாதியாகக் கிள்ளுங்கள், முறுக்கைக் கண்ணால் பார்த்துத் திருப்தி அடையுங்கள், பத்தாயிரம் அடி நடந்து அதிரசத்துக்குப் பிராயச்சித்தம் தேடுங்கள் என்று வைத்தியர்களும் வைத்தியர் அல்லாதவர்களும் போட்டி போட்டுக்கொண்டு எழுதுகிறார்கள். நாமும் குற்றவாளிக் கூண்டில் நிற்பவர்களைப் போலத் தலைகுனிந்து படிக்கிறோம். படித்துவிட்டு இரண்டு லட்டுக் கூடுதலாகத் தின்கிறோம் என்பது வேறு விஷயம்.

என் கட்சி இதற்கு நேர் எதிரானது. நம் உடம்பைக் கெடுத்தது பண்டிகை அல்ல. பண்டிகை இல்லாத நாட்கள்தாம்.

எதிர்க்கட்சியின் பலமான சாட்சியையே முதலில் கூப்பிடுவோம். அமெரிக்காவில் 195 பேரை எடைபோட்டுப் பார்த்த ஆராய்ச்சி ஒன்று 2000-ஆம் ஆண்டில் ‘நியூ இங்கிலாந்து’ மருத்துவ இதழில் வெளிவந்தது. அந்த நாட்டுப் பண்டிகைக் காலமான நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி வரை அவர்களுக்குக் கூடிய எடை சராசரியாக 370 கிராம். இவ்வளவுதானா என்று கேட்கத் தோன்றுகிறது அல்லவா? ஆனால் அதே ஆராய்ச்சி இன்னொன்றும் சொல்லிற்று. கூடிய எடை, பண்டிகை முடிந்து மாதங்கள் ஆன பிறகும் இறங்கவில்லை. கூடியதைப் பண்டிகையின் கணக்கில் எழுதுங்கள், எனக்குச் சம்மதம். இறங்காததை யார் கணக்கில் எழுதுவது?

இதை விளங்கிக்கொள்ள அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. தருமபுரி ஜில்லா போதும். மானம் பார்த்த பூமி. கேழ்வரகும் சாமையும் விளைந்த மண். களி உருண்டையும் கீரைக் கடைசலும், கொள்ளும் அவரையும் அங்கே அன்றாட ஆகாரம். நெல்லுச்சோறு என்பதே பண்டிகைப் பலகாரமாக இருந்த வீடுகள் எத்தனையோ! பொங்கலுக்கும் மாரியம்மன் திருவிழாவுக்கும் குழந்தைகள் காத்துக் கிடந்தது புத்தாடைக்கு மட்டுமல்ல, அந்த வெள்ளைச் சோற்றுக்கும்தான். ஆண்டெல்லாம் வெயிலில் உழைத்துக் களி தின்ற உடம்பு, பண்டிகையின் இனிப்பை வாங்கிக்கொண்டு அசையாமல் நின்றது.

பண்டிகையும் வெறும் வயிற்றோடு வரவில்லை, மருந்தோடு வந்தது. தீபாவளிக்கு எண்ணெய் ஸ்நானமும், சுக்கும் திப்பிலியும் ஓமமும் சேர்த்துக் கிளறிய லேகியமும் உண்டு. ஆடிப்பெருக்கென்றால் ஒகேனக்கல்லில் உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு காவிரியில் நீராட்டு. அப்புறம்தான் மீன் வறுவல். அளவாகச் சாப்பிடு என்று அவர்களுக்கு யாரும் கட்டுரை எழுதவில்லை. ஆண்டு முழுவதும் அமைந்த வாழ்க்கையே அளவுகோலாக இருந்தது.

இன்றைய நிலைமை என்ன? தினந்தோறும் தீபாவளி! மூன்று வேளையும் அரிசி; நடுவில் நான்கு முறை சர்க்கரை போட்ட தேநீர்; மாலையில் பேக்கரியில் பப்ஸும் கேக்கும். நடப்பதற்குக்கூட உபதேசம் தேவைப்படுகிறது. பத்தாயிரம் அடி என்கிறார்களே, அந்தக் கணக்கு ஜப்பானில் 1965-ல் ஒரு நடைமானியை விற்பதற்கு வைத்த வியாபாரப் பெயரிலிருந்து வந்தது. அதே 1965-ல்தான் சேலத்திலிருந்து பிரிந்து தருமபுரி ஜில்லாவும் பிறந்தது. கொல்லைக்கும் சந்தைக்கும் நடந்து போன அந்த ஜனங்களுக்கு அடியை எண்ணும் அவசியம் இருக்கவில்லை.

களியை நாம் விட்டது கேழ்வரகு கிடைக்காததால் அல்ல, வெட்கத்தால். சிறைக்குப் போகிறவனை ‘களி தின்னப் போகிறான்’ என்று கேலி செய்கிற பாஷை நம்முடையது. விருந்தாளிக்குக் களி வைத்தால் அவமதிப்பு என்று நினைக்கிற சமூகம் நம்முடையது. இந்த வெட்கத்துக்குத் தருமபுரி கொடுக்கிற விலை இரட்டிப்பு. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. தீட்டிய அரிசியில் அது சுமார் 10 மில்லிகிராம்தான். இந்த ஜில்லாவின் நிலத்தடி நீரிலோ பல இடங்களில் புளோரைடு மிகுதி. பல்லையும் எலும்பையும் அரிக்கும் அந்த உபாதைக்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வகுக்கப்பட்டு, 2013-ல் திறந்துவைக்கப்பட்டது. சுண்ணாம்புச் சத்துக் குறைந்த உடம்பைப் புளோரைடு அதிகம் வருத்தும் என்பது வைத்திய சாஸ்திரம் அறிந்த உண்மை. அப்படிப்பட்ட ஊரில் களிப்பானையைக் கவிழ்த்து வைத்தோம்!

இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை வியாதி என்று 2023-ல் வெளிவந்த பெரிய ஆய்வு கணக்குச் சொல்லிற்று. இது நான்கு நாள் பட்சணத்தின் வேலையா? 2021-ல் தமிழக அரசு வீடு தேடி மாத்திரை கொடுக்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தை, பழைய தருமபுரி ஜில்லாவிலிருந்து பிரிந்த கிருஷ்ணகிரியின் கிராமம் ஒன்றில்தான் தொடங்கிற்று. கிராமத்தின் வாசலுக்கே சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் வந்துவிட்டன என்பதற்கு வேறென்ன அத்தாட்சி வேண்டும்? 2023-ல் தருமபுரியிலும் நீலகிரியிலும் ரேஷனில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு கொடுக்க ஏற்பாடாயிற்று. கேழ்வரகு விளைந்த ஊருக்குக் கேழ்வரகை ரேஷனில் கொடுக்க நேர்ந்ததே, அதுதான் நம் கதை.

வியாதிக்காரர்கள் என் பேச்சைக் கேட்டுக்கொண்டு ஜாங்கிரியில் இறங்கிவிட வேண்டாம். அவர்களுக்கு வைத்தியர் சொல்லே சட்டம். பண்டிகைக் குஷியில் மாத்திரையை மறக்கவும் கூடாது. அவர்களுக்கும்கூட அந்தச் சட்டம் பண்டிகைக்கு மட்டுமல்ல, 365 நாளுக்கும்தான்.

பண்டிகையால் உண்மையிலேயே உடம்பு கெடுகிற ஜீவன் ஒன்று வீட்டில் உண்டு. உபதேசக்காரர்கள் அவளை மட்டும் கவனிப்பதில்லை. வாரம் முன்பிருந்தே எண்ணெய்ச் சட்டியின் முன்னால் வெந்து, விடியுமுன் எழுந்து, எல்லோரும் தின்று எழுந்தபின் ஆறிப்போனதைத் தின்கிறாளே, அந்த இல்லத்தரசிதான் அவள். ஆயுளை நீட்டிக்கும் நெல்லிக்கனி கிடைத்தபோது, தான் உண்ணாமல் ஔவைக்குக் கொடுத்தான் அதியமான் என்று பெருமை பேசுகிறோம். அந்தத் தகடூர்தான் இன்றைய தருமபுரி. நெல்லிக்கனி வேண்டாம், ஒரு பகல் தூக்கமாவது அவளுக்குக் கொடுத்தோமா?

ஆகவே, பண்டிகையன்று வயிறாரச் சாப்பிடுங்கள். உறவினரைக் கூப்பிட்டுச் சாப்பிடுங்கள். மறுநாள் காலையில் லட்டு டப்பாவைத் தேடாமல், அடுப்பைப் பற்றவைத்துக் களி கிண்டத் துடுப்பை எடுங்கள். நீங்களே எடுங்கள், ஐயா! உங்கள் மனைவி சற்றுத் தூங்கட்டும்.