பிறவாதவருக்குப் பிறந்த நாள்

இராமன் பிறந்ததற்கு நவமி, கிருஷ்ணன் பிறந்ததற்கு அஷ்டமி, பிள்ளையார் பிறந்ததற்குச் சதுர்த்தி என்று நம் நாட்டில் கடவுள்களின் பிறந்த நாள்களுக்குக் குறைவே இல்லை. ஆனால் சிவனுக்கு மாத்திரம் பிறப்பு கிடையாது, அவர் ஆதியும் அந்தமும் இல்லாதவர் என்று சைவ மெய்யன்பர்கள் பெருமையாய்ச் சொல்லிக் கொள்வதுண்டு. அப்படியானால் திருவண்ணாமலையில் வருஷந்தோறும் கார்த்திகையில் நடப்பது என்ன?

பிரம்மாவும் விஷ்ணுவும் யார் பெரியவர் என்று சண்டை போட்டார்களாம். நடுவில் சிவன் நெருப்புத் தூணாய்த் தோன்றினாராம். விஷ்ணு பன்றியாகி அடியைத் தோண்டினாராம். பிரம்மா அன்னமாகி முடியைத் தேடினாராம். இருவருக்கும் அகப்படாமற்போகவே, பிரம்மா தாழம்பூவைப் பொய்ச்சாட்சி சொல்ல வைத்தாராம். அந்த நெருப்பே பிறகு குளிர்ந்து மலையாயிற்றாம். இதன் ஞாபகமாகவே 2,668 அடி உயர மலையின் உச்சியில் கொப்பரை வைத்து ஆயிரக்கணக்கான கிலோ நெய்யை எரிக்கிறார்கள்.

ஆதியில்லாதவருக்குத் தோன்றிய நாள் ஒன்று எப்படி வந்தது என்று கேட்கின்றோம். இதே கதையைச் சிவராத்திரிக்கும் சொல்லுகிறார்களே, ஒரே தூண் எத்தனை நாளில் தோன்றிற்று? பொய்ச்சாட்சி கோர்ட்டில் சொன்னால் குற்றம், புராணத்தில் சொன்னால் பண்டிகையா?

நிற்க, இது கதையோடு போயிருந்தால் நாம் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. 2024-ம் வருஷம் டிசம்பர் 1-ந் தேதி, ஃபெஞ்சல் புயல் மழையில், அதே மலையின் சரிவிலிருந்து மண்ணும் பாறையும் வ.உ.சி. நகரில் வீட்டின் மேல் விழுந்து ஏழு பேர் மாண்டார்கள். அவர்களில் ஐந்து பேர் குழந்தைகள். மலையே சிவன் என்கிறவர்கள் இதற்கு என்ன சமாதானம் சொல்லுவார்கள்? முன்ஜென்ம வினை என்பார்களானால், அந்தப் பேச்சைவிடக் கொடுமையானது வேறில்லை என்றே சொல்லுவோம். மலை என்பது கல்லும் மண்ணும். தண்ணீர் ஊறினால் மண் இளகும், பாறை சரியும். அதற்குப் பக்தனும் தெரியாது, நாஸ்திகனும் தெரியாது.

அவ்வருஷம் தீபம் டிசம்பர் 13-ந் தேதி வந்தது. ஜனங்களை மலையேற விடலாமா என்று ஜோசியனைக் கேட்டார்களா? சுவாமி முன் பூப்போட்டுப் பார்த்தார்களா? இல்லை. மண்ணையும் பாறையையும் பற்றிப் படித்த நிபுணர்களைப் பார்வையிடச் செய்து, அவர்கள் சொன்னபடி சர்க்கார் பொது ஜனங்களைத் தடுத்தது. கொப்பரை, நெய் முதலியவை கொண்டு போகும் ஆட்கள் போன்றவர்கள் மாத்திரமே ஏற அனுமதிக்கப்பட்டார்கள். அதாவது, கடவுள் விழாவிலும் மனிதனைக் காப்பாற்ற மனித அறிவுதான் வேண்டியிருந்தது. இதைத்தான் நாம் பகுத்தறிவு என்கின்றோம்.

ஆகவே தோழர்களே! தீபத்தன்று உபயோகித்த அறிவை மற்ற நாள்களிலும் உபயோகியுங்கள் என்பதே நமது வேண்டுகோள். சமதரையில் மனை வாங்கச் சக்தியுள்ள எவனும் சரிவில் போய்க் குடிசை போடமாட்டான். அங்கிருக்கும் ஏழைகளுக்குப் பத்திரமான மனையும், மழைத் தண்ணீர் ஓட வாய்க்காலும் கேளுங்கள். மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் நடக்கின்ற கால்கள் அதற்காகக் கலெக்டர் ஆபீசு வரையிலும் நடக்கட்டும். பிறவாதவருக்குப் பிறந்த நாள் கொண்டாடுவதைவிட, பிறந்துவிட்ட குழந்தைகளைச் சாகாமல் காப்பதே மேலான காரியமாகும்.