ஆசிட் தெறிச்சா பவர் கண்ணாடி காப்பாத்துமா? லேப் கண்ணாடி வாங்கும்போது ஏமாறாதீங்க!

மன்னார்குடி:

பிப்ரவரி நெருங்கினாலே பிளஸ்-2 பிள்ளைகளுக்கு பிராக்டிகல் ஜுரம் வந்துவிடும். எழுத்துத் தேர்வு 70 மார்க். செய்முறையும் அகமதிப்பீடும் சேர்த்து 30 மார்க். அந்த 30 கையை விட்டுப் போகக்கூடாது என்று ரெக்கார்டு நோட்டு, வெள்ளை கோட்டு, கால்குலேட்டர் எல்லாம் தேடித் தேடி வாங்குகிறோம்.

ஆனால் "தம்பி, லேப்ல கண்ணுக்கு என்ன போடுறே?" என்று எத்தனை வீட்டில் கேட்கிறோம்?

பிள்ளை கையில் எடுக்கும் பொருட்களைக் கொஞ்சம் பாருங்கள். நைட்ரேட் உப்பைக் கண்டுபிடிக்கும் பழுப்பு வளையச் சோதனைக்கு அடர் கந்தக அமிலம். அளவு பார்க்கும் சோதனையில் பியூரெட், பிப்பெட் நிறைய சோடியம் ஹைட்ராக்சைடு. சோதனைக் குழாயை நெருப்பில் காட்டும்போது சூடு சமமாகப் பரவவில்லை என்றால் உள்ளே இருப்பது குபுக்கென்று வெளியே பாயும். பக்கத்தில் நிற்கும் பிள்ளையின் முகம் ஒரு முழ தூரத்தில்தான் இருக்கும்.

நோபல் விஞ்ஞானிக்கே நடந்தது

இது சின்னப் பிள்ளைகள் கவனக்குறைவால் மட்டும் நடப்பதல்ல. அமெரிக்காவின் பாரி ஷார்ப்லெஸ், 2001-லும் 2022-லும் வேதியியலுக்காக 2 முறை நோபல் பரிசு வாங்கியவர். 1970-ல் எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்தில் இளம் பேராசிரியராக இருந்தார். ஒருநாள் இரவு வேலை முடிந்து, பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பினார். போகிற வழியில் ஒரு மாணவர் மூடி சீல் வைத்த கண்ணாடிக் குழாயை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். குழாய் வெடித்தது. ஒரு கண் பார்வை போயே போய்விட்டது.

நாள் முழுக்கப் போட்டிருந்த கண்ணாடி, தேவைப்பட்ட அந்த ஒரு நிமிஷத்தில் மேஜை மேல் கிடந்தது. நம்ம லேப்பில் எரியும் பன்சன் பர்னருக்குப் பெயர் கொடுத்த ஜெர்மன் வேதியியலாளர் பன்சனும் ஆய்வுக்கூட வெடிவிபத்தில் ஒரு கண்ணைப் பறிகொடுத்தவர்தான்.

ஆசிட்டை விட சுண்ணாம்பு மோசம்

ஆசிட் என்றால் பயப்படுகிறோம். காரம் என்றால் அலட்சியம். உண்மை தலைகீழ். அமிலம் பட்டால் கண்ணின் மேல்பரப்பு புரதம் உறைந்து ஓரளவு தடுப்புச் சுவராகிவிடும். காரம் அப்படி நிற்காது. திசுவில் உள்ள கொழுப்பைக் கரைத்துக்கொண்டு உள்ளே இறங்கிக்கொண்டே போகும். சோடியம் ஹைட்ராக்சைடும் இதே ரகம், வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பும் இதே ரகம். சுண்ணாம்புப் பாக்கெட்டைப் பிதுக்கி விளையாடி கண்ணைக் கெடுத்துக்கொண்ட குழந்தைகளைப் பற்றி நம் நாட்டுக் கண் மருத்துவர்கள் ஆய்வுக் கட்டுரையே எழுதியிருக்கிறார்கள்.

எந்தக் கண்ணாடி சரி?

"என் பொண்ணு ஏற்கனவே கண்ணாடி போட்டிருக்கே, அது போதாதா?" என்பார்கள். போதாது. பார்வைக் குறைபாடுள்ள பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசக் கண்ணாடி கொடுக்கும் 'கண்ணொளி காப்போம்' திட்டம் 2009-ல் வந்தது. நல்ல திட்டம். ஆனால் அந்தக் கண்ணாடி எழுத்தைப் படிக்கத்தான், ஆசிட்டைத் தடுக்க அல்ல. மேலே, கீழே, பக்கவாட்டில் எல்லாம் திறந்தே இருக்கும். பவர் கண்ணாடிக்கு மேலேயே மாட்டுகிற அகலமான பாதுகாப்புக் கண்ணாடி தனியாக இருக்கிறது. அதைத்தான் கேட்டு வாங்க வேண்டும்.

அடுத்த ஏமாற்று, ஹார்டுவேர் கடையில் தொங்கும் வெள்ளைக் கண்ணாடி. தச்சுப் பட்டறையில் பறக்கும் தூளுக்கு அது சரி. தெறிக்கும் திரவம் இடுக்கு வழியாக உள்ளே வந்துவிடும். கூலிங் கிளாஸ் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

கெமிஸ்ட்ரி லேப்புக்கு வேண்டியது முகத்தோடு ஒட்டி உட்கார்ந்து, பின்னால் எலாஸ்டிக் பட்டை போட்ட மூடிய ரகம். வாங்கும்போது பார்க்க வேண்டியவை இவைதான்:

* லென்ஸ் பாலிகார்பனேட்டாக இருக்க வேண்டும். சாதாரண கண்ணாடி போலச் சில்லு சில்லாக உடைந்து கண்ணில் குத்தாது.

* காற்று போகும் துளை நேராக இருக்கக்கூடாது. துளை நேராக உள்ளே தெரிந்தால் ஆசிட்டும் நேராக உள்ளே வரும். மூடி போட்டு வளைந்து போகிற துளைதான் சரி.

* முத்திரை பாருங்கள். நம் நாட்டுத் தரம் ஐ.எஸ். 5983. வெளிநாட்டு ரகம் என்றால் ஈ.என். 166 போட்டு, பிரேமில் 3 என்ற எண் இருக்க வேண்டும். 3 என்றால் திரவத் தெறிப்பைத் தாங்கும் என்று அர்த்தம். அமெரிக்கத் தரமான இசட்87 என்றால் கூடவே டி3 என்று இருக்க வேண்டும். எந்த முத்திரையும் இல்லையா? விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம்.

* போட்டுப் பார்த்து வாங்குங்கள். பெரியவர் சைஸ் 6-ம் வகுப்புப் பிள்ளைக்கு நிற்காது. மூக்குப் பக்கம் இடைவெளி இருந்தால் பிரயோஜனம் இல்லை.

வகுப்பறையிலும் இதே கதைதான். ஆசிரியர் மேஜையில் சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றிக் காட்டினாலும், மெக்னீசியம் நாடாவைக் கொளுத்திக் காட்டினாலும் முதல் பெஞ்சுப் பிள்ளைகள்தான் பக்கத்தில் இருப்பார்கள். ஆசிரியருக்கும் கண்ணாடி, முதல் வரிசைக்கும் கண்ணாடி. முடியாவிட்டால் முதல் 2 பெஞ்சைப் பின்னால் தள்ளுங்கள். மெக்னீசியம் சுடரை, கண்ணாடி போட்டிருந்தாலும் நேராகப் பார்க்கக்கூடாது.

ஆளுக்கு ஒன்று தேவையில்லை

"இத்தனை பிள்ளைங்களுக்கு யார் வாங்கித் தர்றது?" என்ற கேள்வி வரும். கணக்குப் போட்டுப் பாருங்கள். பிராக்டிகல் பேட்ச் பேட்ச்சாகத்தான் நடக்கிறது. ஒரு பேட்ச்சுக்கு 30 பேர் என்றால், பள்ளிக்கு 30 கண்ணாடி போதும். ஒன்று 200 ரூபாய் என்று வைத்தாலும் 6 ஆயிரம் ரூபாய். பல வருஷம் உழைக்கும்.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு புத்தகம், நோட்டு, பை, ஜியாமெட்ரி பாக்ஸ், சைக்கிள் எல்லாம் அரசே கொடுக்கிறது. லேப் கண்ணாடி அந்தப் பட்டியலில் இல்லை. சேர்க்கச் சொல்லிக் கேட்பது நியாயம்தான். அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. பள்ளி மேலாண்மைக் குழு கூட்டத்தில் பெற்றோர் எழுந்து கேட்கலாம். முன்னாள் மாணவர்கள் உதவுவதற்காக 2022-ல் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டம் வந்தது. மன்னையில் படித்துவிட்டு சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருப்பவர்களுக்கு 6 ஆயிரம் பெரிய தொகையா என்ன?

பொதுக் கண்ணாடி என்றால் சுத்தம் முக்கியம். ஒவ்வொரு பேட்ச் முடிந்ததும் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காய வைக்க வேண்டும். மெட்ராஸ் ஐ வந்த பிள்ளையை லேப்புக்கு வரச்சொல்லாதீர்கள். துப்பட்டாவால், வேட்டி நுனியால் வறட்டுத் துடைப்பு கூடாது. கீறல் விழுந்து மங்கினால் பிள்ளைகள் கழற்றி நெற்றி மேல் ஏற்றிவிடுவார்கள். அசிட்டோன் ஊற்றித் துடைத்தால் லென்சே வீணாகிவிடும்.

தெறித்துவிட்டால் என்ன செய்வது?

ஓடிப்போய் குழாயைத் திறங்கள். இமையை விரலால் விரித்துப் பிடித்து, குறைந்தது 15 நிமிஷம் விடாமல் தண்ணீர் விட வேண்டும். காரம் என்றால் இன்னும் கூடுதலாக. ஆசிட்டுக்கு சோடா, காரத்துக்கு எலுமிச்சை என்று எதையும் ஊற்றக்கூடாது. தாய்ப்பால், விளக்கெண்ணெய் வைத்தியமும் வேண்டாம். கசக்கவும் கூடாது. கழுவும்போதே இன்னொருவர் 108-க்குப் போன் போடட்டும். முதலில் தண்ணீர், அப்புறம்தான் ஆஸ்பத்திரி. எந்தப் பாட்டிலில் இருந்து தெறித்தது என்று டாக்டரிடம் சொல்வதற்குக் குறித்துக்கொள்ளுங்கள்.

லேப்பில் தண்ணீர்க் குழாய் வேலை செய்கிறதா என்று தேர்வுக்கு முன்பே திறந்து பார்த்துவிட வேண்டும். போன 30 மார்க்கை அடுத்த தேர்வில் பிடித்துவிடலாம். போன கண்ணுக்கு மறு தேர்வு கிடையாது.