ஸ்கோப் கடிக்காத கதைகள்

தமிழில் இப்போது வேட்டைக்கதைகளுக்குச் சின்னதாக ஒரு மறுபிறவி நடந்துகொண்டிருக்கிறது. சந்தோஷம்தான். எழுதுகிறவர்களில் நம்ம பக்கத்து ஆட்களும் உண்டு. செங்கல்பட்டு லோக்கலில் ஜன்னலோரம் உட்கார்ந்து போனிலேயே ஜவளகிரிக் காட்டை எழுதி முடிக்கிற பிள்ளைகள். காட்டில் பிறந்தவன்தான் காட்டை எழுதணும் என்கிற கட்சி நான் இல்லை. ஆனால் இந்தக் கதைகளில் ஒரு காட்சி மாறாமல் வருகிறது. நாயகன் பெரிய துப்பாக்கியை எடுக்கிறான். ஸ்கோப்பில் கண்ணை ஒட்டி வைக்கிறான். மூச்சை அடக்குகிறான் (இது கட்டாயம் உண்டு). விசையை அழுத்துகிறான். புலி சரிகிறது. எழுந்து பீடி பற்றவைக்கிறான்.

என் கேள்வி ஒன்றுதான். அவன் புருவத்தில் ஏன் ரத்தம் இல்லை?

பெரிய விலங்குக்கான துப்பாக்கி உதைக்கும். 1912-ல் வந்த .375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் தோட்டாவை எடுத்துக்கொள்ளுங்கள். இன்றுவரை யானை, காட்டெருமை என்றால் அந்தப் பெயர்தான் முதலில் வரும். அதன் பின்னுதைப்பு சுமார் 50 ஜூல். என்.சி.சி.யில் பலரும் சுட்டுப் பார்த்திருக்கிற .22-ல் அது ஒரு ஜூலைக்கூடத் தொடாது. 50 ஜூல் என்றால் நான்கு கிலோ இரும்பும் மரமும் நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் பின்னால் வருகிறது. ஜி.எஸ்.டி. ரோட்டில் சைக்கிளில் போகிறவரின் வேகம் அது. அந்த இரும்பின் மேல்தான் ஸ்கோப் உட்கார்ந்திருக்கிறது. அதன் பின்பக்க விளிம்பு உலோக வளையம். கண்ணை அதில் ஒட்டி வைத்தால் புருவத்தில் பிறை நிலா மாதிரி ஒரு வெட்டு விழும். சுடுகிறவர்கள் இதற்கு வைத்திருக்கிற பெயர் ஸ்கோப் கடி. கடிபட்டவன் அடுத்த தோட்டாவைக் கண்ணை மூடிக்கொண்டுதான் சுடுவான், அவனுக்கே தெரியாமல்.

ஆகவே இந்த மாதிரித் துப்பாக்கிக்கு ஸ்கோப் வாங்குகிறவன் முதலில் பார்ப்பது, எவ்வளவு பெரிதாகக் காட்டும் என்பதை அல்ல. கண்ணை எவ்வளவு தள்ளி வைத்தாலும் முழு வட்டமும் தெரியும் என்பதைத்தான். ஒன்பது, பத்து சென்டிமீட்டராவது வேண்டும். நாலு விரல் அகலத்துக்கும் கொஞ்சம் அதிகம். நம் ஆட்களுக்கு இது தலைகீழாகப் புரிந்திருக்கிறது, காரணமும் தெரிந்ததுதான். பப்ஜியும் அது போனபின் வந்த பிஜிஎம்ஐ-யும் ஒரு தலைமுறைக்கே 8எக்ஸ் என்றால் பெருமை என்று சொல்லிக்கொடுத்துவிட்டன. விளையாட்டிலும் குழல் மேலே தூக்கும், ஒத்துக்கொள்கிறேன். போன் உங்கள் முகத்தில் வந்து அடிக்காது, அவ்வளவுதான் வித்தியாசம்.

உண்ணிச்செடி மண்டிய காட்டில் முப்பது நாற்பது மீட்டரில் நிற்கிற விலங்கை 12எக்ஸில் பார்த்தால் என்ன தெரியும்? பழுப்பு ரோமம். தோளா, பிட்டமா, காய்ந்த புதரா என்று கண்டுபிடிப்பதற்குள் அது போயிருக்கும். கனமான துப்பாக்கிக்கு ஒன்றிலிருந்து நான்கு, மிஞ்சிப்போனால் ஒன்றரையிலிருந்து ஆறு மடங்கு போதும். முன்கண்ணாடி சின்னதாக இருக்கும், அதனால் ஸ்கோப்பைக் குழலை ஒட்டித் தாழ்வாகப் பொருத்தலாம். எடையும் குறையும். எடை குறைவது வசதிக்காக மட்டும் இல்லை. அரைக் கிலோ ஸ்கோப்பை இரண்டு மில்லி நொடிக்குள் அந்த வேகத்துக்கு இழுத்தால் ரிங்குகள் தாங்கவேண்டிய விசை நூறு கிலோ எடைக்கு மேல். ஒவ்வொரு முறை சுடும்போதும் இரண்டு ரிங்கில் ஓர் ஆள் தொங்குகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பொருத்துவதில்தான் உண்மையான கதை இருக்கிறது, ஒரு கதையிலும் நான் வாசித்ததில்லை. திருகு ஓட்டைகளில் பழைய எண்ணெய்ப் பிசுக்கு இருக்கக்கூடாது, துடைத்தெடுக்கவேண்டும். அடிக்கட்டை எஃகாக இருப்பது நல்லது. துப்பாக்கி பின்னால் பாயும்போது ஸ்கோப் நின்ற இடத்திலேயே நிற்கப் பார்க்கும். அதாவது கட்டையின் மேல் அது முன்னோக்கி நழுவும். அதனால் இறுக்குவதற்கு முன்பே மவுண்டை முன்னால் தள்ளி, அதன் குறுக்குத்தண்டு பள்ளத்தின் முன்சுவரில் முட்டும்படி வைக்கிறார்கள். திருகுகளைக் கை பலத்துக்கு இறுக்காமல் டார்க் ரெஞ்ச் வைத்து அளந்து இறுக்குகிறார்கள். பிறகு, எனக்கு மிகப் பிடித்த பகுதி: கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கியைத் தோளில் ஏற்றி, கன்னத்தைப் பதித்து, கண்ணைத் திறக்கவேண்டும். முழு வட்டமும் தெரிந்தால் சரி. ஓரத்தில் கருப்பு விழுந்தால் நகர்த்து. நின்று ஒருமுறை, உட்கார்ந்து ஒருமுறை, படுத்து ஒருமுறை. படுக்கும்போதும் மேட்டை நோக்கிச் சுடும்போதும் முகம் தானாகவே முன்னால் போய்விடும். கடி விழுவது பெரும்பாலும் அப்போதுதான். ஒரு மனிதன் தன் உடம்பை இரும்போடு ஒப்பந்தம் செய்துகொள்கிற நேரம் இது. ஒரு சிறுகதைக்காரனுக்கு இதைவிட என்னய்யா வேண்டும்?

கிழக்குத் தாம்பரத்தில் ஒரு மொட்டைமாடிக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது ஒரு தம்பி கேட்டார்: "அண்ணா, கதைக்கு எதுக்குண்ணா மேனுவல்?" மேனுவல் வேண்டாம்பா. விளைவு வேண்டும். ஒரு திருகு தளர்ந்தால், அல்லது மலிவான ஸ்கோப்புக்குள் இருக்கிற ஸ்பிரிங் உதையில் செத்தால், குறுக்குக்கம்பி தோளில் நிற்கும், தோட்டா வயிற்றில் இறங்கும். வயிற்றில் வாங்கிய விலங்கு உடனே சாகாது. ஜிம் கார்பெட்டும் கென்னத் ஆண்டர்சனும் ஆட்கொல்லிகள் உருவாவதற்குத் திரும்பத் திரும்பச் சொல்கிற காரணங்களில் ஒன்று, எவனோ அரைகுறையாகச் சுட்டுவிட்டுப் போன பழைய குண்டுக்காயம். உங்கள் கதையில் வருகிற ஆட்கொல்லியை ஒருவேளை ஒரு திருகுதான் பெற்றெடுத்திருக்கும். அந்தத் திருகை அழித்துவிட்டு நாயகனுக்குப் பின்னணி இசை போடுகிறீர்கள்.

ஆண்டர்சனைப் படித்துவிட்டு எழுதுகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. அஞ்செட்டி, பென்னாகரம், ஜவளகிரி என்று நம் எல்லைக் காடுகளில் அவர் தூக்கிக்கொண்டு நடந்தது .405 வின்செஸ்டர், 1895 மாடல். அதில் காலித் தோட்டா மேல்பக்கமாகத் துள்ளி வெளியே வரும். ஸ்கோப்பை நடுவில் பொருத்தினால் அதன் மேலேயே மோதும். அவர் வெறும் கண்ணால் குறிபார்த்தார், இரவில் துப்பாக்கியில் டார்ச் கட்டிக்கொண்டார். அதனால் அவர் விலங்குக்குப் பக்கத்தில் போகவேண்டியிருந்தது. அவர் எழுத்தில் இருக்கிற பயம் அந்தத் தூரத்திலிருந்து வருவது. அதே துப்பாக்கிக்கு ஸ்கோப் மாட்டிவிட்டு அதே பயத்தையும் எதிர்பார்த்தால் எப்படி?

1972 சட்டத்துக்குப் பிறகு இதெல்லாம் பழங்கதைதானே என்பார்கள். 2021-ல் கூடலூர், மசினகுடிப் பக்கம் டி23 புலியைத் தேடியபோது நம் வாட்ஸப் குழுக்களில் ஓடியது என்ன? "ஒரு ஸ்னைப்பரை அனுப்பி முடிக்கவேண்டியதுதானே." அக்டோபர் 1-ம் தேதி சுட உத்தரவு வந்தது, உயர்நீதிமன்றம் அவசரப்பட்டுக் கொல்லாதீர்கள் என்றது, 15-ம் தேதி மயக்க ஊசி போட்டு உயிரோடு பிடித்தார்கள். காட்டில் அலைந்தவர்களுக்கு அது இரண்டு வாரத்துக்கு மேல் சேறும் அட்டையும். இங்கே நமக்கு ஒரு கிளிக். அந்த கிளிக்கைச் சொல்லிக்கொடுத்ததில் சினிமாவுக்குப் பெரும் பங்கு, நம் கதைகளுக்கும் கொஞ்சம்.

அந்தத் தம்பியின் கதையை அப்புறம் வாங்கி வாசித்தேன். நன்றாக எழுதுகிறார், பொய் சொல்லவில்லை. அதில் நாயகன் சரிவில் படுத்துக்கொண்டு மேட்டில் நிற்கிற காட்டெருமையைச் சுடுகிறான், 12எக்ஸில், கண்ணை ஒட்டி வைத்து. புருவத்தைக் கிழியுங்கள், கண்ணில் ரத்தம் இறங்கட்டும், எருமை விழுந்ததா இல்லையா என்று அவனுக்கே தெரியாமல் இருக்கட்டும் என்று ஓரத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். எந்தப் புருவம் என்பது அவன் வலதுகையா இடதுகையா என்பதைப் பொறுத்தது. அதைக் கதையில் எங்கும் சொல்லவில்லை.