எந்தக் கிதாபில் இருக்கிறது?

ஹபாயாவும் தலைமறைப்பும் இல்லாமல் வாசல் தாண்டாதவள் நான். வட்டிக் காசு எங்கள் வீட்டுக்குள் வராது. கலியாண வீட்டில் பாட்டுக் கச்சேரி என்றால் சோற்றுக்குக்கூட நிற்க மாட்டோம். பழமைவாதி என்று சொல்லுங்கள், எனக்குக் கோபம் வராது. ஆனால் 2019 ஏப்ரல் 21இல் தேவாலயங்களில் குண்டுகள் வெடித்த பிறகு, "இப்படி இறுக்கமாக இருந்தால்தானே அங்கே போய் முடிகிறது" என்று படித்தவர்களே சொல்கிறார்கள். வயிறு எரிகிறது.

அந்தக் குண்டுதாரிகளின் தலைவன் சஹ்ரான் இறுக்கமாக இருந்தானா? எதை இறுக்கிப் பிடித்தான் அவன்? தன்னுயிரை மாய்ப்பது ஹராம் என்று குர்ஆன் மத்ரஸாவில் ஓதுகிற சின்னப்பிள்ளைக்கும் தெரியும். யுத்தகளத்தில்கூடப் பெண்களையும் பிள்ளைகளையும் கொல்ல ரசூலுல்லாஹ் தடுத்தது ஸஹீஹ் புகாரியில் இருக்கிறது. வணக்கத்தில் ஒதுங்கிய துறவிகளைத் தொடாதீர்கள் என்று படைக்குச் சொல்லி அனுப்பியவர் முதல் கலீபா அபூபக்கர். கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்திலும் உயிர்த்த ஞாயிறு வணக்கத்துக்கு வந்தவர்கள் யாருடைய படை?

இறுக்கம் என்றால் சவூதி அறிஞர் இப்னு உஸைமீனைச் சொல்லுங்கள். உடம்பில் குண்டைக் கட்டிச் சாவது தற்கொலைதான் என்று தீர்ப்புச் சொன்னவர் அவர். சஹ்ரான் பின்பற்றிய ஐஎஸ் இயக்கத்தை 2014இலேயே இஸ்லாத்தின் முதல் எதிரி என்றார் சவூதியின் தலைமை முப்தி. அதே வருடம் நூற்றுக்கு மேற்பட்ட ஆலிம்கள் ஐஎஸ் தலைவன் பக்தாதிக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். அவர்கள் எல்லோருக்கும் தெரியாத மார்க்கம், ஓதி முடிக்காமல் மத்ரஸாவிலிருந்து விலக்கப்பட்டவனுக்குத் தெரிந்துவிட்டதாம்.

அவன் முதலில் கை வைத்ததே எங்கள்மேல்தான். காத்தான்குடியில் சூபி வழிக்காரரைக் காபிர் என்றான். 2017 மார்ச்சில் அது வெட்டுக்குத்தாக முடிந்து தலைமறைவானான். கலீபா அலியைக் காபிராக்கிக் கூபாவில் வெட்டிய கவாரிஜ்களின் வழி இது. மேடையேறி அடுத்த முஸ்லிமைக் காபிர் என்கிற வாய்க்கு நம் ஊர்களில் இன்னும் மைக் கொடுக்கிறார்களே, அந்த எரிச்சலையும் இங்கேயே கொட்டிவிடுகிறேன்.

சாய்ந்தமருதை என்னால் மறக்க முடியவில்லை. 2019 ஏப்ரல் 26 இரவு. வாடகைக்கு வந்தவர்கள்மேல் சந்தேகப்பட்டுத் தகவல் கொடுத்தது முஸ்லிம் ஊர்ச்சனம்தான். படையினர் வளைத்ததும், சஹ்ரானின் வாப்பாவும் சகோதரர்களும் இருந்த அந்த வீட்டுக்குள்ளேயே குண்டை வெடிக்க வைத்தார்கள். செத்தவர்களில் ஆறு பேர் பிள்ளைகள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் விடியவிடிய ஈரத்துணியோடு உட்கார்ந்திருக்கிற உம்மாமார் நாங்கள். பெற்ற பிள்ளைகளைச் சுற்றி வைத்துக்கொண்டு வெடிப்பதற்கு எந்தக் கிதாபில் ஆதாரம்? எந்தப் பக்கத்தில்? வாயைத் திறந்து சொல்லட்டும்.

குண்டுதாரிகளின் மையத்துகளைப் பொறுப்பேற்க மாட்டோம் என்று அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா அறிவித்தது. யார் காதில் விழுந்தது? மே மாதம் மினுவாங்கொடையில் எங்கள் கடைகள் எரிந்தன. ஹஸலக்கவில் ஒரு பெண்ணின் உடுப்பில் இருந்த கப்பல் சுக்கானைத் தர்மச்சக்கரம் என்று சொல்லி அவளை மறியலில் போட்டார்கள். என்னை ஓர் ஆஸ்பத்திரி வாசலில், பின்னால் வரிசை பார்த்துக்கொண்டு நிற்க, தலைமறைப்பைக் கழற்றச் சொன்னாள் காவலுக்கு நின்றவள். "முகம் திறந்துதானே இருக்கு தங்கச்சி" என்றேன். "குண்ட முகத்திலயா கட்டுற?" என்றாள்.

தாக்குதல் பற்றி எச்சரிக்கை வந்திருந்தும் தடுக்கத் தவறிய முன்னாள் ஜனாதிபதியையும் அதிகாரிகளையும் உயர் நீதிமன்றம் 2023இல் நட்டஈடு கட்டச் சொன்னது. நல்லது. எங்கள் கணக்கை யார் கேட்பது?

மையத்தைக் குளிப்பாட்டி, கபனிட்டு, தொழுவித்து மண்ணில் வைப்பது எங்களுக்குக் கடமை. 2020இல் கொரோனா வந்தது. அடக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியும் அரசாங்கம் மையத்துகளை எரித்தது. பிறந்து 20 நாளான பிள்ளையை, பெற்றோர் கையெழுத்துப் போட மாட்டோம் என்று நின்றும், பொரளையில் எரித்தார்கள். 2021 பெப்ரவரி வரை இதுதான் சட்டம். சஹ்ரானின் மையத்தே வேண்டாம் என்று சொன்ன எங்களிடமிருந்து அந்தப் பச்சைப்பிள்ளையின் மையத்தையும் பறித்தார்களே, அந்தப் பிள்ளை எந்த ஜமாஅத்தில் இருந்தது?