பெருக்கத்துக்கு எத்தனை வார்த்தைகள்!

ஒன்றை அதிகப்படுத்துவதைச் சொல்ல ஆங்கிலத்தில் 'இன்க்ரீஸ்', 'ஆக்மென்ட்', 'என்லார்ஜ்', 'ஆம்ப்ளிஃபை', 'என்ஹான்ஸ்', 'மேக்னிஃபை' என்று ஒரு பெருங்கூட்டமே இருப்பதைக் கண்டு, எதை எடுத்துப் போட்டாலும் அர்த்தம் ஒன்றுதானே என்று எண்ணி, அவற்றுள் கேட்பதற்குக் கம்பீரமானது எதுவோ அதையே மனுவிலும் அறிக்கையிலும் பொறுக்கி வைப்பது நம்மில் பலருக்கு வழக்கமாகிவிட்டது.

எது பெருகுகிறது என்று முதலில் கேட்டுக்கொள்ளாதவருக்குச் சரியான சொல் அகப்படாது என்பதே என் அபிப்பிராயம். ஆங்கிலம் படியாதவர்கள்கூட இதில் தவறுவதில்லை: சம்பளத்துக்கு இன்கிரிமென்ட், திருவிழாப் பந்தலுக்கு ஆம்ப்ளிஃபயர், ஸ்டூடியோவில் தாத்தாவின் படத்துக்கு என்லார்ஜ் என்றுதான் கேட்பார்களேயன்றி, ஒருவரும் மாற்றிக் கேட்பதில்லை. ஏற்கெனவே உள்ளதற்குப் புறத்திலிருந்து ஒன்றைக் கொணர்ந்து சேர்ப்பதற்கு 'ஆக்மென்ட்' பொருந்தும். 'மேக்னிஃபை' பொருளைத் தொடுவதேயில்லை. பூதக்கண்ணாடியின் கீழ் எறும்பு எறும்பாகவே இருக்க, நம் பார்வைதான் அதைப் பெரிதாக்கிக்கொள்கிறது. 1611-ல் வெளிவந்த ஆங்கில விவிலியத்திலோ அதே சொல் ஆண்டவனை மகிமைப்படுத்துவதற்கு வருகிறது.

விசேஷமாகக் கவனிக்கத்தக்கது 'என்ஹான்ஸ்'. உயரத்தைக் குறிக்கும் லத்தீன் வேரில் பிறந்து, பிரெஞ்சு வழியாக இங்கிலாந்துக்கு வந்து, ஆதியில் தூக்கி உயர்த்துவதையே குறித்த அச்சொல், இன்று மதிப்பும் அழகும் கூடுவதற்கே பெரும்பாலும் உரியதாகிவிட்டது. ஆயினும் நம் நீதிமன்றங்களில் தண்டனையும் நஷ்டஈடும் 'என்ஹான்ஸ்' ஆகின்றன. இதைக் கண்டு நகைப்பவர்கள் அவசரப்படுகிறார்கள். சட்டம் பழைய அர்த்தத்தைக் கைவிடாமல் வைத்திருக்கிறது, அவ்வளவே. ஆனால் கூட்டத்துக்கு வந்தோர் எண்ணிக்கையை 'என்ஹான்ஸ்' செய்ததாக அறிக்கை எழுதும் காரியதரிசிக்கு அந்தச் சலுகை கிடையாது.

1852-ல், தமது 73-ஆம் வயதில், பீட்டர் மார்க் ரோஜெட் என்ற ஆங்கில வைத்தியர் வெளியிட்ட 'தெசாரஸ்', சொற்களைக் கருத்துவாரியாகத் தொகுத்துத் தந்ததேயொழிய அவற்றுக்கு அர்த்தம் சொல்லவில்லை. தெரிந்த சொல் நினைவுக்கு வராதபோது அது உற்ற துணை; தெரியாத சொல்லை அதிலிருந்து எடுத்துக் கையாளுவது விபரீதம். 1948-ல் பிரிட்டிஷ் அரசாங்க உத்தியோகஸ்தர்களுக்காக 'பிளெயின் வேர்ட்ஸ்' எழுதிய எர்னஸ்ட் கோவர்ஸ், எளிய சொல்லே போதும் என்று வற்புறுத்தியதற்கும் காரணம் இத்தகைய ஆடம்பரந்தான்.

சந்தேகம் வந்தால் 'இன்க்ரீஸ்' என்றே எழுதிவிடுங்கள். அது பிழையாகும் இடம் வெகு அபூர்வம்.