பழுதுபார்க்கும் கையும் பயணம் செய்கிறவர் உயிரும்



மேட்டூர் அணையின் நீர்மட்டம் வெகுவாக இறங்கும் ஆண்டுகளில், பண்ணவாடியில் பழைய தேவாலயத்தின் இரட்டைக் கோபுரமும் ஜலகண்டேஸ்வரர் ஆலயத்தின் நந்தியும் வெளியே தெரிகின்றன. 1934-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அந்த அணையின் நீரில் மூழ்கிய ஊர்களின் நினைவுகள் அவை. செய்தித்தாள்கள் படம் வெளியிடுகின்றன. குடும்பம் குடும்பமாகச் சென்று பார்க்கிறோம். அதே கரையில் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும் பரிசல்களையோ, அவற்றின் அடிப்புறத்தில் தார் பூசிக்கொண்டிருக்கும் மனிதரையோ நம்மில் அநேகர் நின்று பார்ப்பதில்லை. இந்த வாரம் அவர்களுடைய வேலையைக் குறித்துச் சிந்திப்போம்.

சேலம், நாமக்கல் என்றவுடன் மாம்பழமும் லாரியும் முட்டையும்தான் நினைவுக்கு வருகின்றன, படகு வருவதில்லை. ஆனால் 93.47 டி.எம்.சி. கொள்ளளவுள்ள நீர்த்தேக்கம் நம் வாசலில் இருக்கிறது. அதில் பரிசல் இட்டு மீன்பிடித்துப் பிழைக்கும் குடும்பங்கள் அநேகம். பூலாம்பட்டியிலிருந்து எதிர்க்கரை நெரிஞ்சிப்பேட்டைக்கும், பண்ணவாடியிலிருந்து தருமபுரி மாவட்டத்து நாகமரைக்கும் மக்கள் படகிலேயே போய் வருகிறார்கள். சாலை வழியாகச் சுற்றிச் செல்ல வேண்டிய தூரத்தை நினைத்தால், அந்தக் கரைகளில் இருப்போருக்குப் படகுதான் பேருந்து. அது ஒரு நாள் நின்றால் ஒரு நாள் கூலி நின்றுபோகும். ஆகவே பழுதை யார், எவ்வளவு விரைவாக, எவ்வளவு குறைந்த செலவில் நீக்குவது என்பது அங்கே அடுப்பு எரிவதோடு சம்பந்தப்பட்ட கேள்வி.

பரிசல் எளிய கலம். மூங்கில் சிம்புகளை வட்டமாகப் பின்னி, அடியில் முற்காலத்தில் தோலும் இக்காலத்தில் பிளாஸ்டிக் விரிப்பும் போர்த்தி, மேலே தார் பூசுகிறார்கள். கல்லில் உரசிக் கிழிந்தால் கரையேற்றி, கவிழ்த்து, நன்றாகக் காயவைத்து, கிழிசலைவிடப் பெரிதான ஒரு துண்டை ஒட்டி, காய்ச்சிய தாரால் மூடுகிறார்கள். ஈரம் உள்ளே இருந்தால் ஒட்டு நிற்காது. பொறுமைதான் இங்கே முதல் கருவி. நோவா பேழையின் உள்ளும் புறமும் கீல் பூசினதையும், மோசேயின் தாய் நாணற்பெட்டிக்குக் கீல் பூசினதையும் வாசிக்கிற நமக்கு இந்த வேலை அந்நியமானதல்ல. ஃபைபர் படகுக்கும் ஒழுங்கு இதுவே. உடைந்த இடத்தைச் சுற்றிலும் தேய்த்துச் சரிவாக்கி, உலரவிட்டு, கண்ணாடி இழை விரிப்பை ஒன்றின்மேல் ஒன்றாக ரெசினில் தோய்த்து ஒட்டவேண்டும். வெடிப்பின் மேல் வெறும் ரெசினை மட்டும் தடவினால் அது வர்ணமாக இருக்குமேயன்றிப் பலமாக இராது.

படகின் பின்புறத்தில் மாட்டும் வெளிப்பொருத்து இயந்திரத்திலும் பாதிப் பழுதுகள் சிறியவையே. கிளம்ப மறுத்தால் முதலில் பார்க்கவேண்டியவை பழைய பெட்ரோல், அடைத்த வடிகட்டி, கரி பிடித்த ஸ்பார்க் பிளக், அழுக்கேறிய கார்புரேட்டர். டூ ஸ்ட்ரோக் இயந்திரமானால் எண்ணெய்க் கலவையின் அளவு முக்கியம். கையேடு ஐம்பதுக்கு ஒன்று என்று சொன்னால், ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி. ஓடும்போது பக்கத்துத் துளையிலிருந்து தண்ணீர் பீய்ச்சவேண்டும். அது நின்றால் குளிர்விக்கும் நீர் ஏறவில்லை என்று பொருள். பாசியோ பிளாஸ்டிக் பையோ நீர்வழியை அடைத்திருக்கலாம், பம்பின் ரப்பர்ச் சக்கரம் தேய்ந்திருக்கலாம். அடிப்பெட்டியின் கியர் எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால், சீல் வழியாகத் தண்ணீர் புகுந்துவிட்டது. தண்டில் சுற்றிக்கொண்ட நைலான் வலை நூலே பலமுறை அந்த சீலை அறுத்திருக்கும். இவற்றைக் கண்டறியப் பட்டம் வேண்டியதில்லை. கண்ணும் கவனமும் போதும்.

இப்படித் தானே பழுதுநீக்கிக்கொள்கிறவனைக் கஞ்சன் என்று நாம் இகழக்கூடாது. கையிலுள்ள பொருளை அதன் ஆயுள் முடியுமட்டும் காப்பது உத்தம உக்கிராணத்துவம். லாரிகளுக்குக் கூண்டு கட்டுவதில் பெயர்பெற்ற நாமக்கல்லும், ஆழ்துளை வண்டிகளுக்குப் பேர்போன திருச்செங்கோடும் பட்டறைக் கைகளால்தானே வளர்ந்தன? ஆயினும் நம் வீடுகளில் பிள்ளை ஸ்பேனரைப் பிடித்தால் முகம் சுளிக்கிறோம். வலையைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தவர்களையே ஆண்டவர் அழைத்தார் என்பதை மறந்துபோகிறோம்.

ஆனால் சிக்கனத்துக்கு ஓர் எல்லை உண்டு. சிறிய இயந்திரங்கள் சிலவற்றில் விசிறியைத் தண்டோடு இணைக்க ஒரு மெல்லிய பின் இருக்கிறது. விசிறி பாறையில் மோதினால் அந்தப் பின் முறியவேண்டும். முறிவதற்கென்றே அது செய்யப்பட்டது. மலிவான அது முறிவதால் உள்ளேயிருக்கும் விலையுயர்ந்த பற்சக்கரங்கள் தப்புகின்றன. அடிக்கடி முறிகிறதென்று சலித்து, அதன் இடத்தில் இரும்பு ஆணியைச் செருகினால், அடுத்த மோதலில் ஆணி நிற்கும், பற்சக்கரம் நொறுங்கும். நடு ஆற்றில் படகு செயலற்று நிற்கும். சில ரூபாய் மிச்சம் பிடித்தவன் எதை இழந்தான்?

படகில் தான் மட்டும் இருந்தால் இழப்பு அவனோடு போகும். பிறர் ஏறும்போது கணக்கு மாறுகிறது. உபாகமம் 22:8-இல், புது வீடு கட்டுகிறவன் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச்சுவர் கட்டவேண்டும் என்று கர்த்தர் கட்டளையிடுகிறார். வீடு அவனுடையது, செலவும் அவனுடையது. ஆனால் விழக்கூடியவன் வேறொருவன். அந்த இரத்தப்பழி வீட்டின்மேல் வராதபடிக்கே அந்தச் சுவர். படகுக்கும் கைப்பிடிச்சுவர் உண்டு. உயிர்காப்பு அங்கி, ஏற்றலாகும் ஆட்களின் எண்ணிக்கை, தகுதிச் சான்று ஆகியவை அது. 2023 மே 7 அன்று கேரளத்தின் தானூரில் கவிழ்ந்த படகு, மீன்பிடிப் படகை உல்லாசப் பயணத்துக்கென்று மாற்றியமைத்தது. அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றியிருந்தார்கள். 22 பேர் மாண்டனர். அவர்களில் பலர் குழந்தைகள். மாற்றியமைத்த கைகளில் திறமை இருந்திருக்கலாம். சோதித்து, இது ஆகாது என்று சொல்லும் கண்ணுக்கு அது ஒப்படைக்கப்பட்டிருக்கவேண்டும். உள்நாட்டு நீர்வழிகளில் இயந்திரத்தால் ஓடும் கலங்கள் பரிசோதிக்கப்பட்டுப் பதிவு செய்யப்படவேண்டும் என்று 2021-ஆம் ஆண்டின் சட்டம் சொல்வது இதற்காகவே. அதை அதிகாரிகளின் தொந்தரவாக எண்ணவேண்டாம்.

ஆகவே என் கருத்து இது. பிளக்கையும் வடிகட்டியையும் நீங்களே மாற்றுங்கள். எண்ணெயை நீங்களே பாருங்கள். பரிசலுக்கு நீங்களே தார் பூசுங்கள். அடிப்பலகையின் பலம், ஸ்டியரிங், எரிபொருள் கசிவு, படகின் எடையும் வடிவும் ஆகியவற்றில் கை வைக்குமுன் தேர்ந்தவரை அழையுங்கள். பயணிகளை ஏற்றும் படகில் இவற்றை வேறொருவர் சோதிக்காமல் துறையை விட்டுப் புறப்படவேண்டாம். புயல் வந்தபின் செலவைப்பற்றி யோசிக்க இடமிராது. அப்போஸ்தலர் 27-இல், பவுலின் எச்சரிப்பைவிடக் கப்பல் எஜமானின் பேச்சை நூற்றுக்கதிபதி நம்பினான். கடைசியில் கப்பலைக் கயிறுகளால் சுற்றிக்கட்டி, சரக்கையும் கடலில் எறிந்தார்கள். 276 பேரும் தப்பியது தேவகிருபை. அந்தக் கிருபையை நம் அலட்சியத்துக்கு முன்பணமாக எண்ணக்கூடாது.

"அன்றன்றைய மீனை விற்று அரிசி வாங்குகிறவன் அங்கிக்கும் நிபுணருக்கும் எங்கே போவான்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. கைப்பிடிச்சுவரின் செலவை ஏழை ஒருவன் தலையிலேயே சுமத்திவிட்டு, அவனுக்குப் பிரசங்கம் செய்வது நீதியல்ல. கன்னியாகுமரி மாவட்டத்து முட்டத்தில், பெல்ஜியத்திலிருந்து வந்த குருவானவர் பியேர் ஜில்லே மீனவரோடு சேர்ந்து ஒட்டுப்பலகைப் படகுகளை உருவாக்கினார். தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு படகு கட்டும் தளங்களையும் வெளிப்பொருத்து இயந்திரங்களுக்கான பழுதுநீக்கும் நிலையங்களையும் நடத்தியது. தனியொருவனால் தாங்கமுடியாத செலவைப் பலர் சேர்ந்து தாங்கினார்கள்.

நம் சபையில் வெல்டிங் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், டீசல் மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். ஆற்றங்கரைக் குடும்பங்களுக்கென்று ஒரு பொதுக் கருவிப்பெட்டியும் சில உயிர்காப்பு அங்கிகளும் வாங்கிவைக்க அறுப்பின் பண்டிகைக் காணிக்கையில் ஒரு பங்கை ஒதுக்குவோமா? மாதம் ஒரு சனிக்கிழமை, பட்டறைச் சகோதரர்கள் துறைக்குச் சென்று படகுகளைப் பார்த்துவருவார்களா? அடுத்த சபைக் கூட்டத்தில் இதை முன்வைக்கப் போகிறேன். யோசித்து, உங்கள் பதிலோடு வாருங்கள்.

கர்த்தர் உங்கள் கைகளின் பிரயாசத்தை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.